கோகிலன் ஊற்றிய தண்ணீர்

கோகிலன் பேட்டரியின் கடைசி மூடியையும் திருகிவிட்டு, அதன்மேல் சிந்தியிருந்த துளியைப் பழைய சாரோங் துணியால் துடைத்தான். "முடிஞ்சது. வா, போற வழியில மீ கோரெங் சாப்பிட்டுட்டுப் போலாம்," என்றான். அவன் மனைவி கலாதேவி புனலை உதறிப் பைக்குள் வைத்தாள். மறுநாள் விடியலில், ஈப்போ புந்தோங் வீட்டில், அவன் தூக்கத்திலேயே போய்விட்டான்.

அந்தப் பேட்டரி, பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியில் இருந்தது. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தபோது தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். கரண்டுக் கம்பியும் போயிற்று. கோயில் மட்டும் நின்றது. கூரைமேல் ஒரு சோலார் பலகை, அதற்கொரு பேட்டரி, அம்மன் தலைக்கு மேல் ஒரு விளக்கு. வெள்ளிக்கு வெள்ளி ஈப்போவிலிருந்து வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவன் கோகிலன்தான்.

அவன் போன பிறகும் கலாதேவி வந்தாள். ஆனால் பேட்டரியைத் திறக்க யாரையும் விடவில்லை. அதற்குள் இருப்பது அவன் கையால் ஊற்றிய தண்ணீர். மதிய வெயில் பலகைமேல் விழுந்ததும் பேட்டரியின் ஆறு அறைகளிலும் குமிழிகள் கிளம்பும். பக்கத்து அறையில் யாரோ தூக்கத்தில் முணுமுணுப்பதுபோல மெல்லிய சத்தம். அதைக் கேட்டபடியே அவள் கண்ணயர்வாள். அரைத்தூக்கத்தில் செம்பனைகள் விலகி ரப்பர் மரங்கள் திரும்பி வரும். அவற்றுக்கிடையே கோகிலனின் மோட்டார் சைக்கிள் வந்துகொண்டே இருக்கும், வந்து சேராது. விழித்துப் பார்த்தால் சுண்ணாம்புக் குன்றுகள்மேல் வெயில் மஞ்சளாகியிருக்கும். பேட்டரியின் வெளுத்த பிளாஸ்டிக் சுவர் வழியே தெரியும் தண்ணீர் மட்டமும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதை மட்டும் அவள் பார்க்காததுபோல் இருந்தாள்.

பிறகு பூசை முடியுமுன்பே விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. ஒரு மதியம் கோகிலனின் தம்பி யுகேந்திரன் தஞ்சோங் மாலிமிலிருந்து வந்து பெட்டியைக் குனிந்து பார்த்தான்.

"அண்ணி, தகடெல்லாம் தண்ணிக்கு வெளிய நிக்குது. இப்படியே விட்டா பேட்டரி செத்துரும்."

"தொடாத, யுகா."

"அம்மன இருட்டுல உக்கார வைக்கப் போறீங்களா?"

அவன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான்.

"அது என்னா?"

"அசிட்லா. குறைஞ்சிருச்சில்ல, ஊத்தி நிரப்பிருவோம்."

"ஐயோ! கார் பேக்டரில வேலைன்னு வெளிய சொல்லிக்காதடா!"

"நான் கதவு மாட்டுறவன் அண்ணி. பேட்டரி பக்கம் என்னைய விடமாட்டானுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கத்துக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. "அசிட் எங்கயும் போகாதுலா. சார்ஜ் ஏற ஏறத் தண்ணிதான் வாயுவா கிளம்பிப் போவும். மறுபடி அசிட்ட ஊத்துனா தகட்ட அரிச்சிரும். உங்கண்ணன் எத்தன தடவ..."

அவள் நிறுத்திக்கொண்டாள். தான் சொன்னது தன் காதுக்குத் தாமதமாகத்தான் எட்டியது. இத்தனை மதியங்களும் காதைக் கொடுத்துக் கேட்டிருந்தாளே, அது அவன் ஊற்றிய தண்ணீர் போகிற சத்தம். காவல் இருந்தவளின் பக்கத்திலேயே அது போய்க்கொண்டிருந்தது. பேட்டரி புதிதாக வந்த அன்று அவன் ஊற்றிய அசிட் மட்டும் உள்ளேயே கிடந்தது.

"அம்மன் முன்னால எரியிற கற்பூரத்த அணைச்சிட்டு வா. மூடிய தொறந்தா வாயு வரும்," என்றாள்.

கோயில் அலமாரியிலிருந்து பேட்டரி தண்ணீரை எடுத்து வந்தாள். ஒவ்வோர் அறையிலும் தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றினாள்.

"இவ்ளோதானா?"

"மிச்சம் சார்ஜ் ஏறுன பிறகு. இப்பவே நிரப்புனா பொங்கி வழியும்."

மூடிகளைத் திருகினாள். கம்பிகள் மாட்டியிருந்த முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. கவ்விகளைக் கழற்றி, சோடா மாவு கரைத்த தண்ணீரால் யுகேந்திரன் கழுவித் துடைத்தான். கவ்விகளை மாட்டப்போனவன் தயங்கினான்.

"எது ப்ளஸ், எது மைனஸ்? குறியெல்லாம் அழிஞ்சு போச்சே."

கலாதேவி இரண்டு ஈய முனைகளையும் விரலால் பிடித்துப் பார்த்தாள். ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பருமனாக இருந்தது. "பருத்ததுதான் ப்ளஸ். மாட்டு," என்றாள்.