ஏழாம் மெஷின் பக்கம்

எனக்கும் படம் வரையறதுக்கும் ஏழாம் பொருத்தம். ஸ்கூல்ல நான் போட்ட மாட்டைப் பாத்துட்டு டீச்சர், "இது மேஜையா?"ன்னு கேட்டாங்க. அப்படிப்பட்டவ கிட்ட சூப்பர்வைசர் ஒரு ஸ்கிராப்புக் நோட்டைக் கொண்டு வந்து நீட்டினார்.

"பூதக்கண்ணாடி ரிடையர் ஆகறாங்க. ஆளுக்கு ஒரு பக்கம். மேல மெஷின் நம்பர் போட்டாச்சு. சாப்பாட்டு நேரத்துல சுத்த விட்டு எழுதி வாங்கிடு. உனக்குத்தான் கையெழுத்து நல்லா இருக்கு."

நல்ல கையெழுத்து இருந்தா இதுதான் கதி.

நாங்க சட்டைக் காலர் தைக்கிற முப்பது பேர். என்னுது ஏழாம் மெஷின். வரிசைக் கடைசியில, டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு மேஜை போட்டு உக்காந்திருக்கிற செக்கர் அம்மாவுக்குத்தான் பூதக்கண்ணாடின்னு பேர். முதுகுக்குப் பின்னாடிதான் அந்தப் பேரு, நேர்ல 'மேடம்'. ஒவ்வொரு காலரையும் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாப்பாங்க. தப்பு இருக்கிற இடத்துல நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாங்க. அதைப் பிரிச்சுத் தைச்சுக் கொண்டு போனா, நகத்தால ஸ்டிக்கரை உரிச்சுப் போட்டுட்டு பாஸ் பண்ணுவாங்க. கட்டுல செருகியிருக்கிற மெஷின் நம்பர் டிக்கெட்டைப் பாக்காமலே எந்த மெஷின்ல தைச்சதுன்னும் சொல்லிடுவாங்க.

"ஏழு! வலது முனையில தையல் நெருங்குது பாரு. வளைவு முடியறதுக்குள்ள அப்படி என்ன அவசரம் உனக்கு?"

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் என் பொண்ணுக்குக் காய்ச்சல். நாலு மணிக்குக் கிளம்பப் பர்மிஷன் வாங்கி வச்சிருந்தேன். மூணரைக்கு நாப்பது காலர் திரும்பி வந்துச்சு, நாப்பதுலயும் அம்பு. எல்லாத்தையும் பிரிச்சுத் தைச்சு முடிக்க ஆறாச்சு. அன்னையிலேருந்து அந்தம்மா கிட்ட "சரிங்க", "இந்தாங்க" தவிர வேற வார்த்தை பேசினதில்லை.

நோட்டு ரெண்டு வாரம் சுத்திச்சு. திரும்பி வந்தப்ப முப்பது பக்கத்துல நாலுதான் நிரம்பியிருந்துச்சு. மூணுல "வாழ்த்துக்கள்". நாலாவதுல "நிம்மதி"ன்னு ஒத்தை வார்த்தை. யாருக்கு நிம்மதின்னு போடலை.

பன்னெண்டாம் மெஷின்காரியைப் பிடிச்சுக் கேட்டேன்.

"என்னத்த எழுதச் சொல்ற? 'திருப்பி அனுப்பினதுக்கு நன்றி'ன்னா?"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டா.

எனக்கென்ன வந்துச்சு, இருக்கிறபடி சூப்பர்வைசர் தலையில கட்டிடலாம்னுதான் இருந்தேன். அன்னைக்குன்னு பாத்து அந்தம்மாவே என் மெஷின்கிட்ட வந்தாங்க. பிளாஸ்டிக் கவர்ல ஒரு பழைய போட்டோ. சின்ன வயசுல ஒரு மெஷின் முன்னாடி உக்காந்திருக்காங்க.

"இதை முதல் பக்கத்துல ஒட்டிடு. முப்பது பேரும் எழுதறாங்களாமே? இத்தனை வருஷமா உங்க தையலை மட்டும்தான் பாத்திருக்கேன். வீட்டுல உக்காந்து ஒவ்வொண்ணாப் படிக்கணும். அதுக்குன்னே கண்ணாடி மாத்தியிருக்கேன்."

எனக்கு ஐயோன்னு ஆயிடுச்சு. அந்த நோட்டைக் கொடுக்கப்போறது எல்லார் முன்னாடியும். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, வெள்ளைத் தாளா புரட்டிக்கிட்டு நிப்பாங்க. எவ்வளவு கோவம் இருந்தாலும் அதை நின்னு வேடிக்கை பாக்க என்னால முடியாது.

அடுத்தவங்க பேர்ல நானே எழுதினா அது ஃபிராடு. படம் போட்டு நிரப்பினா யார் கேக்கப் போறா? ஞாயித்துக்கிழமை நோட்டைத் தூக்கிக்கிட்டு நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவ சின்னப் பிள்ளைங்களுக்கு டீச்சர். வீடு பூரா கலர் பேப்பரும் பசையுமாத்தான் கிடக்கும்.

"எனக்கு மாடு போட்டா மேஜை வரும், தெரியுமில்ல?"ன்னேன்.

"மாடே வேணாம் அண்ணி. புள்ளி, வளைவு, சுழி, இந்த மூணு போதும்"னு பேனாவைக் கையில கொடுத்தா. "முதல்ல பென்சில்ல லேசா ஓரம் கட்டுங்க. அதுமேல பேனா. மை காயற வரைக்கும் கை வைக்கக்கூடாது, அப்புறமாத்தான் பென்சிலை அழிக்கணும். வளைவு வந்தா கையைத் திருப்பாதீங்க, தாளைத் திருப்புங்க."

தாளைத் திருப்பறது எனக்குச் சொல்லவே வேணாம். காலரும் அப்படித்தான், துணியைத்தான் திருப்பணும். வளைவு மேல வளைவா அடுக்கினா மீன் செதில் வந்துச்சு. ஒரு கோட்டுக்கு ரெண்டு பக்கமும் வளைவை ஒட்டினா இலை. சுழிக்குப் பக்கத்துல மூணு புள்ளி வச்சா கொடி. அட, நமக்கும் வருதேன்னு இருந்துச்சு.

"தப்பாயிட்டா அடிக்காதீங்க. அதே தப்பைப் பக்கத்துல இன்னும் ரெண்டு தடவை போடுங்க, டிசைன் ஆயிடும்."

"எங்க ஃபேக்டரியில அப்படிச் செஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடி."

"அப்புறம் அண்ணி, நடுவுல கொஞ்சம் வெள்ளையா விடணும். கண்ணு உக்கார இடம் வேணாமா?"

"வெள்ளையை ஒழிக்கத்தானே இந்தப் பாடு!"

ஒன்பது நாள், காலையில அடுப்பை அணைச்சதும் ஒரு மணி நேரம் வரைஞ்சேன். பன்னெண்டாம் மெஷினுக்குச் சுழி மேல சுழி, அவ பேச்சு மாதிரி. மூணாம் மெஷினுக்கு மீன் செதில். போட்டோ ஓரத்துல ஜெல் பேனா மை இழுவிக்கிச்சு, அதை ஒரு இலையாக்கி மறைச்சேன். ஒவ்வொரு பக்கமும் வேற வேற ஆள் போட்ட மாதிரி இருக்கணுமேன்னு பேனாவை மாத்தினேன். பதினாலையும் பதினஞ்சையும் இடது கையால போட்டேன். எல்லாத்தையும் முடிச்சுட்டுக் கடைசியா என் பக்கத்துக்கு வந்தேன். அதுக்குள்ள கை மரத்துப் போச்சு. சுத்தி இலையைப் போட்டுட்டு, நடுவுல முட்டை அளவுக்கு வெள்ளையா விட்டு மூடி வச்சிட்டேன்.

கடைசி நாள் மெஷினெல்லாம் நிறுத்தினதும் சூப்பர்வைசர் நோட்டைக் கொடுத்தார். கை தட்டினோம். எழுதாதவங்க எல்லாம் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. அந்தம்மா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, பக்கத்துக்குப் பக்கம் டியூப்லைட்டுல சாய்ச்சு, ஓரத்தை விரலால தடவிப் பாத்தாங்க. பன்னெண்டாம் மெஷின்காரி எட்டிப் பாத்து, தன் பக்கம் நிரம்பியிருக்கிறதைக் கண்டு வாயைப் பிளந்தா.

"ரொம்ப நல்லா இருக்கு. எல்லாருக்கும் நன்றி"ன்னு சொல்லி நோட்டை மூடினாங்க. அப்பாடான்னு ஆச்சு. தப்பிச்சோம்னு நினைச்சேன்.

பை எடுக்க லாக்கர் ரூமுக்குப் போனா, பெஞ்சுல நோட்டோட உக்காந்திருந்தாங்க. வேற யாரும் இல்லை.

"நாலு பேர் எழுதியிருக்காங்க. மிச்சம் இருபத்தாறும் ஒரே கை"ன்னாங்க.

நான் பையில லாக்கர் சாவியைத் தேடினேன்.

"பதினாலும் பதினஞ்சும் இடது கை. கை மாறினாலும் அவசரம் மாறலை. எல்லாத்துலயும் வலது மூலை நெருங்குது, ஏழு."

"எல்லாருக்கும் வேலை அதிகம் மேடம், அதான்..."

"விடு. அவங்க எழுதலைன்னா ஏன்னு எனக்குத் தெரியும். இருபத்தஞ்சு பேருக்காக நீ இவ்வளவு பாடுபட்டிருக்க." என் பக்கத்தைத் திறந்து காட்டினாங்க. "உன் பக்கத்துல என்ன இருக்கு?"

இலைதான் இருந்துச்சு. ஊருக்கெல்லாம் நியாயம் பேசின நானும் ஒரு எழுத்து எழுதலைன்னு அப்பத்தான் உறைச்சுது.

பையிலேருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்து, ஒரு சிவப்பு அம்பை உரிச்சு, அந்த முட்டை அளவு வெள்ளைக்குப் பக்கத்துல ஒட்டினாங்க. நோட்டை என் மடியில வச்சாங்க.

"திருத்திக் கொடு. இருக்கேன்."

இந்த வாட்டி என்னைத் தப்பிக்க விடலை. "வாழ்த்துக்கள்"னு எழுதலாம்னு பேனாவை எடுத்தேன். மூணு பேர் எழுதின அதே வார்த்தை. அதை எழுத எனக்கே பிடிக்கலை. வந்தது வரட்டும்னு, இருந்த இடத்துக்குள்ள பொடி எழுத்துல எழுதினேன்.

"நாப்பது காலரையும் நீங்க திருப்பி அனுப்பினது சரிதான். எல்லாமே நெருங்கித்தான் இருந்துச்சு. அன்னைக்கு என் பொண்ணுக்குக் காய்ச்சல். ஏன் அவசரம்னு திட்டினீங்களே, ஏன்னு கேட்டிருக்கலாம்."

நோட்டை நீட்டினேன். கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு ஒரு தடவை படிச்சாங்க. மறுபடி முதல்லேருந்து படிச்சாங்க. அப்புறம் நகத்தால அந்த அம்பை மெதுவா, தாள் கிழியாம உரிச்சாங்க.

"காய்ச்சல் எப்ப விட்டுச்சு?"ன்னு கேட்டாங்க.

"மறுநாள் காலையில, மேடம்."