பின்னட்டைப் பெண்

சொர்ணலதா 1966இல் ஆறு வயதில் விஷக்காய்ச்சலில் இறந்தாள். அதன் பிறகு ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தின் பின்னட்டையில் பதினெட்டு வருடம் வளர்ந்தாள். சாவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு டானிக் விளம்பரத்துக்காக அவளைப் படம் பிடித்திருந்தார்கள். வீட்டில் வேறு படம் கிடையாது. கையில் பாட்டிலோடு சிரிக்கும் அந்த அட்டையைத்தான் அவள் அம்மா அன்னத்தாய் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். அடுத்த பொங்கலுக்குள் படத்துப் பிள்ளைக்கு முன்பல் விழுந்தது. கம்பம் முதல் போடி வரை யார் வீட்டில் அந்தப் புத்தகம் இருந்ததோ அங்கெல்லாம் விழுந்தது. டானிக் விற்றவர்கள் எல்லாம் தங்கள் மருந்தின் மகிமை என்று சொல்லிக்கொண்டார்கள், வெட்கம் கெட்டவர்கள். 1973இல் அட்டையில் தாவணி தெரிந்தது. அன்னத்தாய் தெருவுக்கே புட்டு அவித்துக் கொடுத்தாள். வாங்கித் தின்றவர்கள் யாரும், செத்த பிள்ளைக்கு எதற்குச் சடங்கு என்று கேட்கவில்லை. தினமும் காட்டு வேலைக்குப் போகுமுன் அன்னத்தாய் படத்தின் முன் நின்று, முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து பேசுவாள். அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் பேச்சுதான்.

1984இல் உத்தமபாளையத்து அச்சக முதலாளி சண்முகராஜ் அந்தப் புத்தகத்தை மறுபதிப்புப் போட்டார். டானிக் கம்பெனி மூடிப் பத்து வருடமாகியிருந்தது. பழைய விளம்பரத்தை அப்படியே விட்டால், மருந்து கேட்டு எழுதுகிறவர்கள் கடைசியில் அச்சகத்தைத்தான் திட்டுவார்கள். தேனி பட்டுக்கடை ஒன்று தன் விளம்பரத்துக்குப் பின்னட்டையைக் கேட்டது. பெண்ணை எடுத்துவிட அவருக்கு மனம் வரவில்லை. இரக்கம்தான், பாவம், வேறொன்றுமில்லை. பழைய பிரதி ஒன்றில் பாட்டிலை வெள்ளை மையால் மறைத்து, தாவணியைப் பட்டுச்சேலையாக்கி, மாலை போட்டு, முகூர்த்தப் பட்டு என்று பார்த்ததும் விளங்கட்டுமே எனக் கழுத்தில் தாலியும் வரைந்தார். மதுரையில் அச்சுக்குப் புது பிளாக் எடுத்து ஆயிரம் பிரதி அடித்தார். பெற்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாலி ஏறிய பெண் பிறந்த வீட்டில் எத்தனை நாள் இருப்பாள்? மூன்றாம் நாள் விடிந்தபோது ஆயிரம் அட்டையிலும் கடையின் விலாசம் மட்டும் இருந்தது. அன்னத்தாய் வீட்டுச் சட்டத்தில் டானிக் பாட்டில் மட்டும் நின்றது. அவள் சட்டத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தாள்.

"அண்ணே, எம்பிள்ளைய எந்த ஊருக்குக் கட்டிக் குடுத்தீக?"

"கல்யாணக் கோலத்துல நல்லாருக்கும்னுதான் ஆத்தா வரைஞ்சேன்."

"சரி. மாப்ள யாரு?"

சண்முகராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "மாப்ளய நான் வரையலையே."

"செத்தப்பக்கூட எங்கிட்டதானண்ணே இருந்தா" என்று அன்னத்தாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் பழைய பிள்ளையையே திரும்ப வரைந்து பார்த்தார். ஏழு முறை வரைந்தார். ஏழும் வேறு யாரோ பிள்ளைகள். அன்னத்தாய் புத்தகம் போன ஊர்களுக்கெல்லாம் போனாள். சின்னமனூர், பொட்டிப்புரம், மேகமலைத் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள் என்று வாசல் வாசலாக விசாரித்தாள். எங்கும் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். தங்கள் ஊருக்கு அப்படியொரு மருமகள் வரவில்லை என்றார்கள்.

மறுவருடம் ஆடி பிறந்தது. புதுசாகக் கட்டிக் கொடுத்த பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைக்கிற மாதம். எங்கே போய் அழைப்பதென்று தெரியாத அன்னத்தாய், பணியாரம் சுட்டு வைத்துவிட்டு, முதல் பஸ்ஸிலிருந்து கடைசி பஸ் வரை நிறுத்தத்தில் நின்றாள். யாரும் இறங்கவில்லை. தெருக்காரர்கள் வந்து அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மாமியார் வீட்டில் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்றார்கள்.