படியூர் தாண்டி நின்ற கார்

"அந்தக் காரத் தொறந்து பாக்காமெ அவிங்கள எடுக்கப்படாதுங்க" என்றாள் நாச்சியம்மாள்.

பாடையைத் தூக்கக் குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மேளம் நின்றது.

பாடையில் கிடந்தவன் அவள் கணவன் சென்னியப்பன். நேற்றுக் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவனை அவன் தம்பி திருமூர்த்திதான் காரில் போட்டுக்கொண்டு கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். கூட வர ஓடிய அண்ணியை, "பின்சீட்ல அண்ணன் காலை நீட்டோணுங்க நங்கையா, எடமில்லீங்க" என்று தடுத்துவிட்டான். படியூர் தாண்டியதும் கார் நின்றுவிட்டது. சாயங்காலம் மாட்டு வண்டியில் பிணம் வந்தது. பின்னால் இன்னொரு ஜோடி மாடு காரை இழுத்து வந்தது.

"நின்னுபோச்சுங்க." இதற்குமேல் திருமூர்த்தி ஒன்றும் சொல்லவில்லை.

கிழக்குத் தோட்டத்துக் கிணறு யாருக்கு என்று ஆடியிலிருந்தே அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சில்லை. நாச்சியம்மாளுக்குப் பிள்ளை இல்லை. பங்கு பிரியாத சொத்து இனி யாருக்கு என்பது துக்கத்துக்கு வந்த எல்லோருக்கும் தெரியும்.

"வெயிலேறுது அம்மணி, இதென்ன பேச்சு?" என்றார் தாய்மாமன் திருமலைசாமி.

"ஏறட்டுங்க மாமா."

"பாத்துக்கட்டுங்க. பஸ் ஷெட்டுக் கந்தப்பனக் கூட்டியாங்க" என்றான் திருமூர்த்தி. அவன் இத்தனை சுலபமாகச் சம்மதித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. கந்தப்பன் அவனுக்கும் வேண்டியவன்தான்.

காங்கேயத்திலிருந்து மெக்கானிக் கந்தப்பன் வந்து காரின் மூடியைத் திறந்தான். நாச்சியம்மாள் பக்கத்திலேயே நின்று அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்ரோல் ஒழுங்காக வந்தது. ஒயரைக் கழற்றிப் பார்த்தான்.

"பொறி வருதுங்க. ஆனா வர வேண்டிய நேரத்துல வருலீங்க."

பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் கறுப்பு மூடியை எடுத்துவிட்டு, காரைக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலை முன்னால் மாட்டி மெல்லச் சுற்றும்படி ஒருவனிடம் சொன்னான். உள்ளே இருந்த முள் கொஞ்சம் சுழன்றது. ஹேண்டில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நின்றது. பிறகு வெட்டி நகர்ந்து, மறுபடி நின்றது.

கந்தப்பன் டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே வெளியே உருவித் துணியால் துடைத்தான். அதன் அடியில் ஒரு சின்னப் பித்தளைப் பல்சக்கரம். பற்கள் கத்தி முனைபோல மெலிந்திருந்தன. ஒரு பக்கம் பல்லே இல்லை.

"இத அரத்துல ராவ முடியாதா?" என்றாள் நாச்சியம்மாள்.

கந்தப்பன் திருமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தான்.

"அவிங்கள எதுக்குப் பாக்கற? என்னப் பாத்துச் சொல்லு."

"ராவியிருந்தாக் கீறல் இருக்குமுங்க அம்மணி. தடவிப் பாருங்க."

தடவினாள். வழுவழுவென்று இருந்தது. கந்தப்பன் காருக்கு அடியில் படுத்து, இஞ்சின் எண்ணெயைக் கொஞ்சம் உள்ளங்கையில் பிடித்து வந்து வெயிலில் காட்டினான். கறுப்பு எண்ணெயில் பித்தளைத் தூள் மினுங்கியது.

"ஒரு நாள்ல தேஞ்சதில்லீங்க. மாசக்கணக்காத் தேஞ்சிருக்குது. வண்டி அப்பப்ப வெடிச்சு, நின்னு நின்னு போயிருக்குமுங்க."

"அப்ப ஓட்டறவிங்களுக்குத் தெரிஞ்சுதான இருக்கும்?"

கந்தப்பன் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

"பெரியவருக்கே தெரியுமுங்க, உங்க வூட்டுக்காரருக்கு. தைப்பூசத்துக்கு முன்னாலயே நாஞ் சொன்னனுங்க. 'ஓடற வரைக்கும் ஓடட்டும் போ'ன்னுபோட்டாருங்க."

நாச்சியம்மாள் திருமூர்த்தி பக்கம் திரும்பினாள்.

"ஏனுங் தம்பி, நீங்க ஏன் இதச் சொல்லுலெ?"

அவன் பாடையைப் பார்த்தான்.

அவள் பல்சக்கரத்தைக் கார்மேல் வைத்தாள். "எடுங்க" என்றாள்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனபின் கந்தப்பன் மட்டும் வேலையில் இருந்தான். ஷெட்டில் கிடந்த பழைய இஞ்சினிலிருந்து கழற்றி வந்த பல்சக்கரத்தை மாட்டி, ஆணி அடித்து இறுக்கினான். முதல் சிலிண்டரின் பிஸ்டன் மேலேறி நிற்கும் இடம் பார்த்து முள்ளைத் திருப்பி வைத்தான். நாச்சியம்மாள் நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திருமூர்த்தி இவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாதா என்று ஒரு நினைப்பு இன்னும் ஓடியது. பித்தளைத் தூளை யார் சொல்லிக்கொடுப்பது என்று இன்னொன்று.

ஹேண்டிலைச் சுற்றியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள். எப்போது நிற்கும் என்று நாச்சியம்மாள் காதைக் கொடுத்துக் காத்திருந்தாள். அது நிற்கவில்லை. கடைசியில் கந்தப்பன்தான் நிறுத்தினான்.

வெயில் சாயும் நேரத்தில் ஆண்கள் ஈரவேட்டியோடு திரும்பினார்கள். மொட்டைத் தலையோடு திருமூர்த்தி வாசலில் வந்து நின்றான். வேறு யாரும் எழாததால் நாச்சியம்மாளே சொம்புத் தண்ணீரோடு போனாள்.

கை கழுவ இரண்டு கைகளையும் நீட்டினான். நேற்றுச் சுற்றிச் சுற்றி ஹேண்டிலின் இரும்பு பதிந்த இடமெல்லாம் தோல் உரிந்து, விரலடியிலிருந்து பெருவிரல் வரை சதை சிவந்து தெரிந்தது. அவள் பார்ப்பதைக் கண்டு விரல்களை மடக்கப் போனான்.

"நீட்டுங்க" என்றாள்.

தண்ணீர் பட்டதும் அந்தக் கைகள் ஒருமுறை சுருங்கி விரிந்தன. அவள் சொம்பை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, மெதுவாக ஊற்றினாள்.