நாய்க்கு எடுத்த மார்பளவு

"அது நெஞ்சு இல்ல மாப்ள, தண்ணி டிரம். அதுக்கு நாலு காலு முட்டுக் குடுத்து நிறுத்தி வெச்சிருக்கீங்க."

"பாத்துப் பேசுங்க மச்சான். போன வாரம் வரைக்கும் இதே நெஞ்சத் தடவித் தடவி, இதுக்கு ஈடு கெடையாதுன்னு சொன்னது யாரு?"

"போன வாரம் பக்கத்துல நின்னு பாத்தேன். இன்னைக்கு எதுக்க நடக்கவிட்டுப் பாத்தேன்."

கிரில் பட்டறை வாசலில் இப்படி இருவரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்ததில், மாடியில் தையல் மிஷின் நின்றுபோனது. தெருவிலும் பாதி வேலை நின்றுவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் ஏற்கெனவே காய்ந்திருந்த துணியை எடுத்து உதறி மறுபடியும் கொடியில் போட்டாள். பின்னே, சும்மா நின்று பார்த்தால் நன்றாகவா இருக்கும்?

மிஷினை நிறுத்தியவள் பட்டறைக்காரனின் தங்கை. முப்பத்தாறு வயது. அவளுக்கும் கீழே கத்திக்கொண்டிருந்த ரேடியேட்டர்காரருக்கும் கல்யாணம் பேசி முடித்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. கையிலிருந்த சட்டைக் கழுத்தை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றாள். கீழே நடப்பது நாய்ச் சண்டைதான் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டில் நாயை விட்டால் வேறு விஷயம் எது?

அண்ணன் பிழைப்புக்கு இரும்பைப் பற்றவைத்தாலும் அவனுக்கு உயிர் வேட்டை நாயில்தான். அதிலும் நாயின் மார்பில். மார்பு முழங்கை வரை இறங்க வேண்டும், ஆனால் குறுக்கே அகலக்கூடாது. விலா பின்னுக்கு நீள வேண்டும், அங்கிருந்து வயிறு விருட்டென்று மேலேற வேண்டும். முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே ஓர் உள்ளங்கை நுழைந்தால் போதும். இதையெல்லாம் தெருவில் கேட்காதவர்கள் கிடையாது, கேட்க விரும்பியவர்களும் கிடையாது. மனிதர்களைக்கூட அவன் அப்படித்தான் பார்ப்பான். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஹெட்மாஸ்டரைப் பற்றிக் கேட்டதற்கு, "தோள் நல்ல சாய்வு, முழங்கைதான் வெளிய தள்ளுது" என்றவன். பெண்பார்க்க வந்த அன்று தன்னை நடக்கச் சொல்லி எதிரே உட்கார்ந்து பார்த்தான் என்று அண்ணி இன்றும் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

அப்பா அம்மா போனபின் தங்கையை வளர்த்தவன் அவன். அதைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு வந்த வரன்களை வடிகட்டியவனும் அவனே. ஒருவன் தூரத்து ஊர், ஒருவன் குடிப்பான், ஒருவன் வாசலில் நாயைக் கண்டதும் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். கடைசியாக வந்தவர்தான் ரேடியேட்டர்காரர். லாரி ரேடியேட்டர்களுக்கு ஈயம் வைத்து அடைப்பவர். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாமல், சாம்பல் என்ற ஆண்நாயோடு தனியாகக் குடியிருந்தவர். வேட்டைக்குப் போய்வந்ததில் அண்ணனுக்குச் சிநேகிதமானார். ஒருநாள் தங்கையைக் கேட்டார். அதே மூச்சில் அண்ணன், தன் பெண்நாய் ஊசிக்குச் சாம்பலைக் கேட்டான். இரண்டு சம்பந்தமும் ஒரே டீயில் முடிந்தன. எதில் அண்ணனுக்கு மகிழ்ச்சி அதிகம் என்று தங்கை கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு அவளுடைய மகிழ்ச்சியே தாங்கவில்லை. ரவிக்கைக்குக் கை வெட்ட வேண்டிய இடத்தில் கழுத்தை வெட்டிவைத்தாள் ஒருநாள். பதினாறு வருட அனுபவத்தில் அதுதான் முதல்முறை.

இப்போது ஊசி பருவத்துக்கு வந்திருந்தது. சேர்ப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று சாம்பலை எதிரே நடக்கவிட்டான் அண்ணன். பார்த்தான். முகம் விழுந்துவிட்டது. மார்பு உருண்டை, அதனால் முழங்கை வெளியே தள்ளுகிறது, ஓட்டத்தில் கால் வட்டம் போடும், இந்த ரத்தம் ஊசிக்கு வேண்டாம் என்றான்.

ரேடியேட்டர்காரர் தன் தொழிலிலிருந்து வாதாடினார். காற்று நிறையப் போய்வர இடம் இருந்தால்தான் எந்த வண்டியும் சூடேறாமல் ஓடும், நாய்க்கும் அதேதான் என்றார். முதல் ஓட்டத்தில் உங்கள் ஊசி முந்தும், மூன்றாம் ஓட்டத்தில் நாக்கைத் தள்ளிக்கொண்டு படுக்கும், அப்போது முயலை யார் பிடிப்பது, நீங்களா என்று கேட்டார். எதிர்வீட்டு அம்மாள் இந்த இடத்தில் சிரித்துவிட்டாள். அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். அதுதான் காரியத்தைக் கெடுத்தது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றானபின் எந்த ஆண்பிள்ளை இறங்கிவருவான்?

"அளந்துருவோம். மார்புச் சுத்து, உயரத்தவிட ஒரு கையகலம் கூட இருக்கலாம். அதுக்கு மேல போனா அது பீப்பாய்தான். சம்மதமா?"

"சம்மதம். ஆனா நீங்க அளக்கக்கூடாது."

"நீங்களும் கூடாது."

அளப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருத்தி மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

நாடாவோடு இறங்கி வந்தாள். உயரத்தை அளந்தாள், சொன்னாள். பிறகு முட்டிபோட்டு, சாம்பலின் முன்னங்காலுக்குப் பின்னால் நாடாவைச் சுற்றினாள். அது அவள் கழுத்தை முகர்ந்து, பெருமூச்சு விட்டு, அசையாமல் நின்றது. அவளிடம் அளவு கொடுக்க வரும் பெண்களில் பாதிப்பேர் அவ்வளவு ஒழுங்காக நிற்பதில்லை. நாடாவின் முனைகளைச் சேர்த்துப் பிடித்து எண்ணை உரக்கப் படித்தாள்.

எல்லையை ஒரு விரற்கடை தாண்டியிருந்தது.

"கேட்டுச்சா மாப்ள? உங்க வீட்டுக்கு வரப்போறவ வாயாலயே வந்துருச்சு."

அப்போதுதான் அவள் தன் இடதுகையைப் பார்த்தாள். நாடாவுக்கும் நாயின் விலாவுக்கும் நடுவே இரண்டு விரல் இருந்தது. துணிக்கு அளவெடுக்கும் எவரும் மார்புக்கு அப்படித்தான் எடுப்பார்கள், போடுகிறவர் மூச்சுவிட வேண்டுமே. அவள் விரல்கள் அவளைக் கேட்காமலே உள்ளே போயிருந்தன. சட்டென்று உருவிக்கொண்டாள். தலை நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அதன்பிறகுதான் சொன்னாள், விரல் வைத்துவிட்டேன், இது தப்பு அளவு, இன்னொரு தடவை எடுக்கிறேன் என்று.

அண்ணன் சிரித்தான். இப்போதே புருஷன் பக்கம் சாய்ந்துவிட்டாளே என்றான். ரேடியேட்டர்காரர் சிரிக்கவில்லை. குனிந்து கயிற்றை எடுத்து நாயின் கழுத்தில் மாட்டினார்.

"வேணாம்மா. ரெண்டு விரல் தயவுல என் நாய் ஜெயிக்க வேணாம்."

"தயவு இல்லங்க, பழக்கம். கை தானா போயிருச்சு."

"வர்றேன் சார்" என்றார் அண்ணனிடம். மச்சான் சாராகிவிட்டதைத் தெருவே கேட்டது. அண்ணன் மட்டும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஊசிக்குப் பருவம் காத்திருக்காதே. அண்ணன் பக்கத்து ஊரிலிருந்து ஒரு நாயைக் கொண்டுவந்தான். நெஞ்சு கத்தி மாதிரி, முன்னால் நின்று பார்த்தால் நாய் இருப்பதே தெரியாது என்று பெருமைப்பட்டான். கல்யாணப் பேச்சை அவன் எடுக்கவில்லை. அவராக வருவார், ரோஷம் தணியட்டும் என்று அண்ணியிடம் சொன்னானாம். அண்ணி அதைத் தங்கையிடம் சொல்லிவிட்டு, "இவரு தணியட்டும்னு அவரும், அவரு தணியட்டும்னு இவரும் உக்காந்திருந்தா நீ கெழவியாயிருவ. நீயே போடி" என்றாள். அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் புத்தி வேலை செய்தது.

போனாள். ரேடியேட்டர் கடையில் ஈயப் புகையும் ஆசிட் நெடியும் கண்ணைக் கரித்தன. அவர் தண்ணீர்த் தொட்டியில் ஒரு ரேடியேட்டரை அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பையிலிருந்து நாடாவை எடுத்தாள். அவர் சாம்பலைக் கூப்பிட்டார். இந்தமுறை விரல் வைக்காமல், ரோமம் அமுங்க இழுத்துப் பிடித்து அளந்தாள்.

"எல்லைக்குள்ளதாங்க இருக்கு. நான் அண்ணன்கிட்ட வந்து சொல்றேன்."

"எனக்குத் தெரியும். குட்டியில இருந்து நான்தான அளக்குறேன்."

"அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல?"

அவர் ரேடியேட்டரைத் தூக்கி வடியவைத்தார். கையைத் துடைத்துக்கொள்ள வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"விரல எடுத்ததும் நீ யாரப் பாத்த?"

அவள் நாடாவைச் சுருட்டத் தொடங்கினாள்.

"தப்பா அளந்தது எனக்குப் பெருசில்ல. நாய் என்னோடது, பக்கத்துல நிக்கிறவன் நான், ஆனா நீ உங்கண்ணன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் என் பக்கம் திரும்புன. நாளைக்கு நம்ம வீட்டுலயும் ஒவ்வொண்ணுக்கும் அங்க பாத்துட்டுத்தான் இங்க வருவ. உன்மேல கோவம் இல்ல. உனக்கு அது தெரியக்கூட இல்ல, அதான் பயமா இருக்கு."

இனிமேல் பார்க்க மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு ஆசைதான். ஆனால் கடைக்குக் கிளம்பும்போது அண்ணன் பட்டறையில் இருக்கிறானா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பின்வாசல் வழியாக வந்திருந்தாள். அது நினைவுக்கு வந்ததும் நாடாவைப் பைக்குள் வைத்தாள். சாம்பல் அவள் முழங்காலில் தலையைச் சாய்த்தது. அந்த அகல நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொஞ்சநேரம் கையால் தொட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, வந்த வழியே வீட்டுக்குப் போனாள். அன்று மாலை ஐந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்தாள் என்று அண்ணி சொன்னாள். ஒன்றுகூடக் கோணவில்லையாம். அதைச் சொல்லும்போதுதான் அண்ணி அழுதாள்.

அடுத்த மழைக்கு முன்பே ரேடியேட்டர்காரர் பஸ் டிப்போவில் டிக்கெட் கணக்குப் பார்க்கும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். எட்டிப் பார்க்க அண்ணன் தம்பி யாரும் இல்லாத பெண். கடையைக் காலிசெய்துகொண்டு அவளுக்கு மாற்றலான ஊருக்கே போய்விட்டார்கள். சாமான் ஏற்றிய வேனில் நாய்தான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது. ஊசியின் குட்டிகள் பார்க்க அழகாக வந்தன, நாலும் விலைபோயின. அண்ணன் அப்புறம் யாரோடும் வேட்டைக்குப் போனதாகத் தெரியவில்லை. தங்கை சீருடை தைக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து வேறு ஊருக்குக் குடிபோனாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போகட்டுமா என்று அண்ணனிடம் கேட்கவில்லை, போகிறேன் என்று சொன்னாளாம்.