ஒரே குளிர் அறை

ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டு குளிரூட்டிகளில் ஒன்று பழுதாகிவிட்டது. புதியது வர மூன்று மாதமாகும். மிஞ்சிய ஒரே குளிர் அறையில் அக்காவின் குடுவைகள் இருந்தன. தம்பி பார்த்துக்கொள்ளும் குரங்குக்கு அந்த அறை வேண்டியிருந்தது; இரண்டுக்கும் ஒரே அளவு குளிர் ஒத்துவராது. மலையுச்சிக் குரங்கு, வெப்பம் தாங்காது. அதன் இனத்தில் கடைசிப் பெண்.

குடுவைகளில் இருந்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு மிதவைப் பாசி. அது பிறந்த குளிர்க்கடலில் இப்போது அது இல்லை. பன்னிரண்டு நாளுக்கொரு முறை ஒரு சொட்டை எடுத்துப் புதுக் குடுவையில் விடவேண்டும். பத்தொன்பது வருடமாக விட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று காலையில்கூட வந்து விட்டுவிட்டுத்தான் போனாள்.

"அறை யாருக்குன்னு நான் முடிவு பண்ணணும், ஆளுக்கொரு பக்கம் எழுதிக் கொடுங்க," என்றார் இயக்குநர்.

தம்பியின் பக்கத்தில் ஒரு முகம் இருந்தது. அவள் பக்கத்தில் கொஞ்சம் பழுப்புத் தண்ணீர்.

மதியச் சாப்பாட்டின்போது தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதே. அதுக்கு இனிமே குட்டி பிறக்காது. வயசு தாண்டிடுச்சு."

"பிறக்க வாய்ப்பிருக்குன்னு எழுதியிருக்கியேடா."

"வேற என்னத்த எழுத? நேத்து மத்தியானம் மூச்சு வாங்கிச்சு பாரு, என்னால பாக்க முடியல." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "உன்னோடத வேற எங்கயாவது அனுப்பேன்."

"மூணு இடத்துக்கு அனுப்பினேன். எங்கயும் பிழைக்கல."

"வீட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கோ."

"அதென்ன தயிராடா?"

இருவரும் சிரித்தார்கள். அவன்தான் முதலில் நிறுத்தினான்.

ஒரு வரி சொன்னால் போதும், அறை அவளுக்குத்தான். சாயங்காலம் இயக்குநர் அறை வாசலில் நின்றாள்.

"என்னம்மா?"

தம்பியின் காகிதம் மேலே கிடந்தது. அவன் கையெழுத்து இன்னும் பள்ளிக்கூடப் பையன் கையெழுத்துதான். அவள் குளிர் அறைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

குடுவைகள் தாழ்வாரத்து ஜன்னலோரம் வந்தன. ஆறாம் நாள் பழுப்பெல்லாம் அடியில் மெல்லிய தூளாகப் படிந்தது. குரங்கைப் பார்க்க வந்த அம்மாள் ஒருத்தி அங்கே நின்றாள்.

"இதுல என்னங்க இருக்கு? தண்ணி இவ்வளவு தெளிவா இருக்கே!"

அக்கா பதில் சொல்லுமுன் உள்ளிருந்து யாரோ அழைக்க, அம்மாள் போய்விட்டாள். வெயில் எட்டுக் குடுவைகளையும் கடந்து எதிர்ச்சுவரில் விழுந்தது, இடையில் எதுவுமே இல்லாததுபோல.