இருபதாவது கைநாட்டு

நெல்லிப்பூண்டியில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் திடீரென்று பஞ்சம் வந்துவிட்டது.

எல்லாம் சுகிர்தா செய்த வேலை. காலனி சமுதாயக் கூடத்தில் சாயங்காலம் நடக்கும் 'எழுத்துச் சுடர்' மையத்துக்கு அவள்தான் தன்னார்வ ஆசிரியை. பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண். நாளைக்கு வேலை தேடும்போது ஓர் அனுபவச் சான்றிதழ் கைகொடுக்குமே என்று வந்தவள், விவரம் தெரியாமல் உண்மையிலேயே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு மூன்று பேர் பஸ் போர்டு படிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு கிழவி உத்திரமேரூர் பஜாரில் வாங்கிய டானிக் பாட்டிலை எழுத்துக்கூட்டிப் படித்து, காலாவதியான சரக்கு என்று கடைக்காரன் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். காலனியே கைதட்டியது. மையத்தின் ஒருங்கிணைப்பாளர் தினகரன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

விதி அப்படி. ஒரு மையத்தில் எழுத்தறியாதோர் இருபது பேர் இருந்தாக வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் மானியம் நின்றுபோகும். கற்றுத் தேறியவர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார். மாதம் முடிவதற்குள் அந்த இடத்துக்குப் புதிதாக ஓர் எழுத்தறியாதவரைப் பிடித்துப் போட வேண்டும். ஆக, யாரும் எதையும் கற்றுக்கொள்ளாதவரை மையம் செழிப்பாக நடக்கும். இப்படி ஒரு விதியை எழுதுவதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும்.

தினகரன் ஊருக்குள் பெரிய நிலக்காரர் வேதாசலத்தின் மகன். ஃபிளெக்ஸ் பேனர்களில் தன் பெயருக்கு முன்னால் 'கல்வியாளர்' என்று போட்டுக்கொள்வார். எந்தக் கல்லூரி என்று இதுவரை எந்த ஃபிளெக்ஸும் சொன்னதில்லை. மனை வியாபாரம் அவருக்கு ஓய்வுநேரத் தொழில். ஓய்வு நேரம் நிறைய இருந்தது. காலியான இடங்களையெல்லாம் எப்படியோ நிரப்பி, கடைசியில் ஓர் இடம் மட்டும் பாக்கி நின்றபோது, அவர் சுகிர்தாவையும் கூட்டிக்கொண்டு செவ்வந்தி வீட்டு வாசலுக்கு வந்தார்.

"செவ்வந்திக்கா, வூட்ல கீறீங்களா?"

காலனிப் பக்கம் தினகரன் யாரையும் அக்கா போட்டுக் கூப்பிட்டதில்லை. நடவுக்கு ஆள் தேவைப்பட்டால்கூட 'இன்னா செவ்வந்தி' என்பதுதான் வழக்கம். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"ஒரு சின்ன உதவி. பேருக்குத்தான். நீங்க வந்து உக்காரக்கூட வேணாம். எழுதப் படிக்கத் தெரியாதுன்னு ஒரு கைநாட்டு வெச்சுட்டா போதும்."

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பத்தாவது பாஸ் பண்ணவ சார் நானு. இந்தக் காலனிக்கே மனு எழுதிக் குடுக்கறவ."

"அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே!"

"தெரிஞ்சிக்கினே பொய்யி சொல்லச் சொல்றீங்களே சார்."

சுகிர்தா முன்னால் வந்தாள். செவ்வந்தியின் அண்ணன் மகள் அவள். "ஒரு ஆளு குறைஞ்சா மூடிடுவாங்களாம் அத்தை. முனிரத்தினம் தாத்தா இப்பத்தான் 'க' வரிசை முடிச்சிக்கிறாரு. அந்தாளு பாவம் அத்தை."

முனிரத்தினம் காலனியின் மூத்த ஆள். அறுபது வயதுவரை ஏர் பிடித்த கை இப்போது சிலேட்டுக் குச்சியைப் பிடிக்கத் தடுமாறுவதை செவ்வந்தியே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அந்த நினைப்புதான் அவளைக் கவிழ்த்தது. தினகரன் நீட்டிய கருவியில் பெருவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அவர் கையிலிருந்த டேப்லெட் திரையில் எழுத்து ஓடியது: 'எழுத்தறிவு நிலை: இல்லை.'

செவ்வந்தி அதைப் படித்துப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள் என்று போட்டிருந்தது.

பேருக்குத்தான் என்று சொல்லிச் சேர்த்தார்களே தவிர, அந்தப் பேர் சும்மா இருக்கவில்லை. முதலில் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். அன்றைக்கு மட்டும் இருபது பேரும் பாயில் உட்கார வேண்டும் என்று உத்தரவு. அதிகாரி நேராக செவ்வந்தியிடம் வந்து, சாக்பீஸைக் கொடுத்து, 'அ' எழுதச் சொன்னார். அச்சுப் போல எழுதிப் பழகிய கைக்கு அலங்கோலமாக எழுதுவது லேசான காரியமில்லை. அவள் கோணல்மாணலாக ஒரு சுழி போடுவதற்குள் கை நடுங்கிவிட்டது.

"பாத்தீங்களா, எப்படி நடுங்குது! முதல் எழுத்துன்னா அப்படித்தான்" என்று அதிகாரி மனம் உருகிப்போய், அவள் கையைப் பிடித்து 'அ' போட வைத்தார். தினகரன் போட்டோ எடுத்துக்கொண்டார். போகிறபோது அதிகாரி தன் வருகையைப் பதிவு செய்யக் கருவியில் பெருவிரலை வைத்துவிட்டுப் போனார். அவரை யாரும் கைநாட்டு என்று சொல்லவில்லை.

பிறகு பாங்கியில். ஆண்டுக்கணக்காகக் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுத்தவளிடம் கவுண்டரில் இருந்த பெண் மை டப்பாவை நகர்த்தினாள். "சிரமப்படாதீங்கம்மா, ரேகையே வெச்சிடுங்க. சிஸ்டத்துல அப்படித்தான் வருது." அதற்கடுத்து மகளிர் குழுவில். கணக்கெழுதும் பொறுப்பு செவ்வந்தியிடம் இருந்தது. எழுத்தறிவில்லாதவர் அந்தப் பொறுப்பில் இருக்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து குறுஞ்செய்தி வந்து, அதையும் அவளே உரக்கப் படித்து, தன்னைத்தானே நீக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. எங்கேயோ இரண்டு கம்ப்யூட்டர்கள் அவளைப் பற்றி ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. அவளிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை.

"பேஜாரா கீது சார், என் பேரை எடுத்துடுங்க" என்று தினகரனிடம் போய் நின்றாள்.

"எடுக்கலாமே! பரீட்சை எழுதி பாஸ் பண்ணா தானா நீங்கிடும்."

"எப்ப சார் பரீட்சை?"

"அது மேல சொல்லணும்" என்று அவர் வானத்தைக் காட்டினார்.

பங்குனி வெயில் ஏறும் சமயத்தில் ஏரிக் கால்வாய்க்கு அப்பால் வெள்ளைக் கற்கள் முளைத்தன. கலர் கலராகக் கொடிகள் பறந்தன. ஒரே ராத்திரியில் அந்தப் புஞ்சைக்கு ஒரு கடவுள் பெயரும் கூடவே 'நகர்' என்றும் வைத்தாயிற்று. வேதாசலத்தின் நிலம், அவர் பாடு. ஆனால் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதை அதன் ஓரமாகத்தான் போயிற்று. இப்போது பாதையின் நடுவிலும் கல் நின்றது. அந்தப் பாதையை விட்டால் ஊருக்குள் புகுந்து தேரடித் தெரு வழியாகத்தான் பிணத்தைத் தூக்கிப் போக வேண்டும். அந்தத் தெருவில் காலனிப் பிணம் இதுவரை போனதில்லை. போக விடவும் மாட்டார்கள். யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டிய சங்கதி இல்லை அது.

"நம்ம செத்தா எங்கம்மா போறது?" என்றார் முனிரத்தினம். "நீ எழுது செவ்வந்தி. நீ எழுதுனாத்தான் எடுபடும்."

செவ்வந்தி எழுதினாள். தேதி, சர்வே எண், எத்தனை தலைமுறையாக நடந்த பாதை என்று எல்லாவற்றையும் போட்டு, கீழே தன் கையெழுத்தையும் போட்டு தாலுகா ஆபீசுக்கு அனுப்பினாள்.

பத்து நாளில் விசாரணைக்கு அங்கிருந்து வேறோர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். மனு போனால் அதிகாரி வருவதே அந்தப் பக்கத்தில் பெரிய செய்தி. பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டிருந்தார்கள். வேதாசலம் தோப்பிலிருந்து இரண்டு இளநீர் வந்தது. எதிர்த்தரப்புக்கு ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது, இரண்டுமே அதிகாரிக்குத்தான்.

"மனு பிரமாதம். ஒரு பிழை இல்லை" என்றார் அதிகாரி. "யார் எழுதினது?"

"நான்தான் சார்."

அதிகாரி தினகரனைப் பார்த்தார். தினகரன் சிரிக்கவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு டேப்லெட்டை நீட்டினார்.

"எழுத்தறிவு நிலை, இல்லை" என்று அதிகாரி படித்தார். "இது நீங்கதானேம்மா? போட்டோகூட இருக்கு. 'அ' போடறீங்க."

"பேப்பர் குடுங்க சார். இங்கியே எழுதிக் காட்றேன்."

"அவசரப்படாதீங்க." அதிகாரியின் குரலில் பாசம் ஊறியது. அந்தப் பாசம்தான் செவ்வந்தியைப் பயமுறுத்தியது. "எழுதிட்டா அப்புறம் அழிக்க முடியாது. யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு எழுதத் தெரியாதுன்னா இது யாரோ உங்க பேர்ல எழுதின போலி மனு. தள்ளுபடி பண்ணிடுவேன், பாதையைப் பத்திப் பேச்சே இல்லை. எழுதத் தெரியும்னா, பொய் சொல்லி அரசாங்க மானியத்துல சேர்ந்திருக்கீங்க. ரேகை உங்களுது. உங்களைச் சேர்த்தது..." திரையைத் தடவினார். "சுகிர்தா. யார் அது?"

தூணோரம் நின்ற சுகிர்தா துப்பட்டாவின் நுனியை வாயில் கவ்விக்கொண்டாள்.

"சேக்கச் சொன்னது இவருதான் சார்!" செவ்வந்தி தினகரனைக் கைகாட்டினாள்.

"நான் ஒருங்கிணைப்பாளர் மட்டும்தான் சார். ஆளுங்களைச் சேர்க்கறது தன்னார்வலர் பொறுப்பு. விதி அப்படி."

அதிகாரி தலையாட்டினார். விதி அப்படித்தான்.

"திங்கக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். தெரியுமா, தெரியாதா? ஒரே வார்த்தை போதும். ஆனா எழுத்துமூலமா வேணும்." எழுந்தவர் ஒரு கணம் யோசித்து, பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார்: "தெரியாதுன்னா கைநாட்டே வெச்சு அனுப்பலாம்."

ஜீப் போன பிறகு முனிரத்தினம் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாத தாயி. அப்பால பாதை போச்சுன்னா போச்சுதான்."

"தெரியும்னு சொன்னா என்னைப் புட்ச்சிக்கினு பூடுவாங்க அத்தை" என்று சுகிர்தா அழுதாள். அன்று மாலையே அவளை அவள் அம்மா திருமுக்கூடலில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

இரண்டு பேர் பேச்சும் சரிதான். அதுதான் செவ்வந்திக்குத் தாங்கவில்லை.

காலனியில் அதன் பிறகு ஒரு வினோதமான அமைதி பரவியது. எழுத்து தெரிந்தால் கேஸ் வரும் என்ற அளவில்தான் விஷயம் வாய்மாறி வாய்மாறிப் போயிருந்தது. பஸ் போர்டு படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் நிறுத்தத்தில் தலையைக் குனிந்துகொண்டு, "இது செங்கல்பட்டு வண்டிதானே?" என்று கண்டக்டரைக் கேட்டார்கள். டானிக் பாட்டில் கிழவி மருந்துக் கடைக்காரனிடம் போய், "நீ எத்த குடுக்கறியோ அத்தயே குட்றா ராசா" என்றாளாம். கற்றதை மறப்பது கற்பதைவிட வேகமாக நடந்தது. தினகரனுக்கு இனி ஆள் தேட வேண்டிய கவலை இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில், இளவட்டங்களை ஒரகடத்துக் கம்பெனி வேன் அள்ளிக்கொண்டு போய், பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போன பிறகு, ஜேசிபி உறுமும் சத்தம் கேட்டது. செவ்வந்தி ஓடினாள். பாதையின் குறுக்கே ஆள் இறங்கும் ஆழத்துக்குப் பள்ளம் பறித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளத்துக்கு முன்னால் புத்தம்புதுப் பலகை ஒன்று. பெயின்ட் ஈரம் இன்னும் காயவில்லை. காலனிச் சனம் பலகைக்கு எதிரே கூடி நின்றது. மையத்தில் பாயில் உட்காருகிறவர்கள்தான் பெரும்பாலும். யாரும் பலகையைப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"இன்னா எழுதிக்கீது சார்?" என்று முனிரத்தினம் தினகரனைக் கேட்டார்.

"படிச்சுப் பாருங்களேன் பெரியவரே! அதுக்குத்தானே மையம் நடத்தறேன்." தினகரன் செல்போனில் வீடியோவைப் போட்டு, கிழவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அ... றி..." என்று தொடங்கிய முனிரத்தினத்தின் கண் செல்போன் மேல் போயிற்று. வாய் அப்படியே நின்றது. "எனக்கு இன்னாங்க தெரியும். நான் கைநாட்டுங்க."

பிறகு அவர் மெதுவாக செவ்வந்தியைத் திரும்பிப் பார்த்தார். எல்லோருமே பார்த்தார்கள். தினகரனின் செல்போனும் திரும்பியது.

அது எதற்காகத் திரும்புகிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் படித்தால் அந்த வீடியோவே கேஸுக்குச் சாட்சி. திங்கட்கிழமைவரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை போலிருக்கிறது. திருமுக்கூடலில் ஒளிந்திருக்கும் பெண்ணின் முகம் ஒரு கணம் எதிரே வந்து நின்றது. இந்தப் பக்கம் ஜேசிபியின் வாளி இன்னொரு கடி மண்ணை அள்ளிக் கொட்டியது.

செவ்வந்தி படித்தாள். "அறிவிப்பு. இது தனியார் மனைப்பிரிவு. இவ்வழியே சுடுகாட்டுக்குச் சென்றுவந்த பாதை, காலனிவாசிகளின் எழுத்துப்பூர்வமான சம்மதத்துடன் இன்றுமுதல் மூடப்படுகிறது. மீறி நுழைவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

"எழுத்துப்பூர்வமாவா?" முனிரத்தினத்துக்கு மூச்சு வாங்கியது. "எங்கள்ல எவன் எழுதிக் குடுத்தான்?"

தினகரன் செல்போனைக் காதில் வைத்து, பதிவானதைக் கேட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். கையைத் தூக்கி ஜேசிபிக்காரனுக்குச் சைகை காட்டினார். உறுமல் அடங்கியது. கொடித்துணிகள் படபடக்கும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"இன்னொரு தபா படி செவ்வந்தி" என்றார். அக்காவெல்லாம் போயிருந்தது. "சவுண்டு சரியா வுழல."

சனம் ஓரடி பின்வாங்கியது. படத்தில் விழுந்துவிடாமல் இருக்க முனிரத்தினமும் நகர்ந்து போய் ஒரு வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பலகைக்கு முன்னால் செவ்வந்தி மட்டும் நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அறிவிப்பு" என்று முதலிலிருந்து, முன்னைவிட உரக்க, ஆரம்பித்தாள்.