மிஹோவின் பதினெட்டு சென்டிமீட்டர்

பிப்ரவரி 11, செவ்வாய்.

நேற்று ஒரு தவறு செய்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்றாம் கட்டிலில் இருக்கும் மிஹோவை நாடா வைத்து அளக்காமல், அடையாள அட்டையைப் பார்த்து உயரம் 184 என்று எழுதிவிட்டேன். அட்டை கொடுக்கும் இடத்தில் யாரும் அளப்பதில்லை, நாம் சொல்வதையே எழுதிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். என் அட்டையிலேயே இரண்டு சென்டிமீட்டர் கூடுதல்.

ராட்கோ மிஹோவ் டான்யூப் ஆற்றில் இழுவைப் படகு ஓட்டியவர். நிமோனியா முற்றி, வென்டிலேட்டரில் இருக்கிறார். ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்று என்பதை உயரத்தை வைத்துத்தான் கணக்கிடுவோம். ஆள் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. 184க்கு 470 மில்லி வைத்தோம்.

இன்று காலை, அழுத்தம் அதிகம் என்று இயந்திரம் கத்தியது. குழாயில் சளி என்று நினைத்து உறிஞ்சினேன்; ஒன்றும் வரவில்லை. பத்து மணிக்கு ரத்த அழுத்தம் இறங்கியது. நண்பகலில், சிறுநீர் சேரும் பை கிட்டத்தட்ட காலி. டாக்டர் ஸ்டாமெனோவ் டயாலிசிஸ் வரை பேசிவிட்டார்.

அப்போதுதான் நர்ஸ்களுக்கான வியாழக்கிழமை மாலை வகுப்பில் எழுதிய குறிப்பு நினைவுக்கு வந்தது: அளவுக்கு மீறி ஊதிய நுரையீரல் நெஞ்சுக்குள் நெருக்கும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், சிறுநீரகம் வறளும். என் கையெழுத்து என்பதால் பாதிதான் நம்பினேன்.

மிஹோவின் மனைவி வேலிகா, அவரால் சாப்பிட முடியாது என்று தெரிந்தும், தயிர் கொண்டு வந்திருந்தார். அவரிடம் உயரத்தைக் கேட்டேன்.

"அட்டையில இருக்கிறது அவரோட ஆசை, கண்ணு. கல்யாணத்துக்கே என்னைத் தட்டைச் செருப்பு போடச் சொன்ன மனுஷன்."

நாடாவின் மறுமுனையை அவரே பிடித்தார். 166.

"நாற்பது வருஷமா 168ன்னு நம்பிட்டிருந்தேன்" என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னார். "எங்கிட்டயுமா, ராட்கோ?"

டாக்டரிடம் சொல்ல மூன்று வாக்கியம் தயாரித்திருந்தேன்; ஒன்றுதான் வெளியே வந்தது. அவர் திட்டவில்லை. காற்றை 375க்கு இறக்கிவிட்டு, "கண்ணு நிறத்தையாவது நேர்ல பார்த்தியா, இல்ல அதுவும் அட்டைதானா?" என்றார்.

கத்தல் நின்றது. நான்கு மணிக்கு ரத்த அழுத்தம் ஏறியது. ஆறு மணிக்குப் பையில் இருநூறு மில்லி. எதையும் நான் அவ்வளவு பாசத்தோடு பார்த்ததில்லை.

மயக்க மருந்தைக் குறைத்திருந்ததால் மிஹோவ் கண் திறந்தார். 166 என்று நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். எழுத ஏதாவது கொடு என்று கையால் கேட்டார். வலி போலிருக்கிறது என்று பயந்து தாளை நீட்டினேன். மெதுவாக எழுதினார்: 184.

வேலிகா தாளை வாங்கி மடித்தார். "மூச்சுக்கு 166. மத்ததுக்கெல்லாம் 184. சரியா?"

குழாய் அனுமதித்த அளவுக்கு அவர் தலையை இடவலமாக அசைத்தார்; எங்கள் நாட்டில் அதற்கு அர்த்தம்: ஆமாம்.

நாளை காலை ஏழு மணிக்கு, ஷிப்ட் மாறும் முன், ஆறு கட்டிலிலும் குதிகால் முதல் உச்சந்தலை வரை நாடாவால் அளக்க வேண்டும்.